பழைய காருக்கு எந்த ஆயில்? திண்டுக்கல் வெயிலும் 'இருபது-ஐம்பது' நம்பிக்கையும்

திண்டுக்கல்லில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

"அண்ணே, மாருதி 800, 98 மாடல். எஞ்சின் ஆயில் வேணும்."

"98ஆ? பழசாச்சே தம்பி. இருபது-ஐம்பது போட்டுக்கங்க. கெட்டியா நிக்கும்."

டப்பா கைமாறும், காசு கைமாறும், அவ்வளவுதான். அம்பாசடர் என்று கேட்டாலும் இதே பதில். பியட் என்றாலும் இதே பதில். எஸ்டீம், ஜென், பழைய ஜீப், எது என்றாலும் கடைக்காரர் முதலில் கேட்பது மாடல் வருஷம். வருஷம் பழசு என்றால் கை தானாக 20டபிள்யூ-50 டப்பாவுக்குப் போகும்.

'வண்டி பழசானா ஆயில் கெட்டியாகணும்' என்பது தமிழ்நாட்டு மெக்கானிக் உலகத்தில் கிட்டத்தட்ட ஒரு பழமொழி. இந்தப் பழமொழியில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி பல நல்ல எஞ்சின்களுக்கு வீண் செலவையும், கெட்டுப்போன எஞ்சின்களுக்குப் பொய்யான ஆறுதலையும் கொடுக்கிறது. ஆயில் கிரேடை முடிவு செய்ய வேண்டியது ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் வருஷம் இல்லை. எஞ்சினின் வடிவமைப்பு, ஊரின் வெயில், அளந்து பார்த்த தேய்மானம், இந்த மூன்றும்தான்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். இருக்கிறது. நத்தம் ரோட்டிலும் வத்தலக்குண்டு ரோட்டிலும் ஓடுகிற பழைய கார்கள் எல்லாம் ஷோவுக்கு வைத்திருக்கும் வண்டிகள் இல்லை. நிலக்கோட்டையில் இருந்து பூ மூட்டையும், ஒட்டன்சத்திரத்தில் இருந்து காய்கறியும் ஏற்றிப்போகும் வண்டிகள். ஒரு குடும்பம் முதன்முதலாக வாங்கிய கார், இன்றைக்கு வரைக்கும் அந்த ஒரே கார். அதை வைத்துக்கொள்வதே இப்போது செலவு. 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயில் இருந்து 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டியவைக்கு 2025 ஆகஸ்டில் 10,000 என்று அறிவித்தார்கள். இவ்வளவும் கட்டிவிட்டு, தப்பான ஆயிலால் எஞ்சின் போர் செய்யும் நிலை வந்தால், அந்த வண்டி நேராகக் காயலான் கடைக்குத்தான் போகும்.

'டபிள்யூ' என்றால் வெயிட் இல்லை

முதலில் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம். 20டபிள்யூ-50இல் இருக்கும் 'டபிள்யூ' வெயிட் இல்லை, வின்டர். அதாவது குளிர்காலம். ஆங்கிலத்தில் ஆயிலை வெயிட் என்று சொல்லும் பழக்கம் இருப்பதால் வந்த குழப்பம் இது. ஆயிலின் எடைக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது.

இந்த எண்களைக் கொடுப்பது அமெரிக்காவின் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர்கள் சங்கம். 1911இலேயே ஆயில்களைப் பாகுநிலை வைத்து வகை பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைக்கு அந்தத் தரத்தின் பெயர் ஜே300.

பாகுநிலை என்பது அறிவியல் பாடத்தில் வரும் சொல்தான். ஆனால் அது வந்த இடம் அடுப்படி. தீபாவளிக்கு அதிரசம் போடும் வீட்டில் போய்ப் பார்த்தால் புரியும். அடுப்பில் கொதிக்கும்போது வெல்லப்பாகு தண்ணீர் மாதிரி ஓடும். இறக்கிவைத்து ஆறினால் கரண்டியே நகராது. பாகு அதே பாகுதான், சூடுதான் வேறு. எஞ்சின் ஆயிலும் இப்படித்தான். காலையில் வண்டியை எடுக்கும்போது ஒரு பதம், மதியம் மதுரை போய்ச் சேரும்போது வேறு பதம்.

அதனால்தான் இரண்டு எண்கள். முன்னால் இருப்பது குளிரில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு. பின்னால் இருப்பது எஞ்சின் சூடான பிறகு, 100 டிகிரியில், எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு. ஜே300 கணக்குப்படி 100 டிகிரியில்:

30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்
40 என்றால் 12.5 முதல் 16.3
50 என்றால் 16.3 முதல் 21.9

சென்டிஸ்டோக் என்பது பாகுநிலையின் அளவு. எண் கூடக்கூட கெட்டி. ஒரு சாதாரண 20டபிள்யூ-50 ஆயில் 40 டிகிரியில் சுமார் 160 சென்டிஸ்டோக் இருக்கும். 100 டிகிரியில் அது சுமார் 18க்கு இறங்கிவிடும். அதாவது கெட்டி ஆயில் என்று பெயர் வாங்கியதே சூடானால் ஒன்பதில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது.

அந்தக் காலத்தில் ஒரே எண் ஆயில்தான். எஸ்ஏஇ 30, எஸ்ஏஇ 40 என்று வரும். பிறகுதான் மெல்லிய ஆயிலில் ஒருவகை பாலிமரைக் கலந்து இரட்டை எண் ஆயில் கொண்டுவந்தார்கள். அந்தப் பாலிமர் குளிரில் சுருண்டு கிடக்கும், சூடானால் விரியும். விரிவதால் ஆயில் ரொம்பவும் நீர்த்துப் போகாமல் பிடித்து நிறுத்தும். இதில் ஒரு சின்ன வம்பு உண்டு. ஓட ஓட அந்தப் பாலிமர் இழைகள் எஞ்சினுக்குள் அறுபட்டுப்போகும். அதனால்தான் 50 என்று ஊற்றிய ஆயில் பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்து 40 அளவுக்கு வந்து நிற்பது நடக்கிறது. ஆயிலை எப்போது மாற்றுகிறோம் என்பது எந்த ஆயில் என்பதைப் போலவே முக்கியம் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

திண்டுக்கல் கணக்கு

முன்னால் இருக்கும் எண்ணுக்கு வரலாம். 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரி குளிரிலும் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் அளவுக்கு ஆயில் இளகியிருக்க வேண்டும் என்று அர்த்தம். 15டபிள்யூவுக்கு மைனஸ் 20. 5டபிள்யூவுக்கு மைனஸ் 30.

திண்டுக்கல்லில் மார்கழி விடியற்காலையில் 18, 20 டிகிரி வந்தாலே ஸ்வெட்டர், மப்ளர் எல்லாம் வெளியே வந்துவிடும் :-) கொடைக்கானலில் ஜனவரி உறைபனி வந்தால்கூட பூஜ்ஜியத்தை ஒட்டித்தான். ஆக, "கொடைக்கானல் போறோம், குளிருக்குத் தனி ஆயில் வேணுமா?" என்ற கேள்விக்குப் பதில் வேண்டாம் என்பதுதான். முன் எண்ணைப் பொறுத்தவரை திண்டுக்கல் மாவட்டத்தில் 20டபிள்யூ வரைக்கும் வண்டி கிளம்பாமல் போகும் பிரச்சனையே கிடையாது. சின்ன எண் இருந்தால் காலையில் ஆயில் மேலே ஏறுவது கொஞ்சம் சீக்கிரம் நடக்கும். அது நல்லதுதான், ஆனால் அதற்காக டப்பாவுக்கு இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டுமா என்பது பழைய எஞ்சினின் கையேட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

சண்டையெல்லாம் பின் எண்ணில்தான். சித்திரை மாதம் சமவெளியில் 38, 40 டிகிரி அடிக்கும். நான்கு வழிச்சாலையில் மதுரையில் இருந்து 60 கிலோமீட்டர் விடாமல் ஓட்டிவிட்டு, அப்படியே திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் வந்து நின்றால் என்ன ஆகும்? ஆயில் முழுச் சூட்டில் இருக்கும், அதாவது மிக மெல்லியதாக. எஞ்சின் ஐடிலில் மெதுவாகச் சுற்றுவதால் ஆயில் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும். ரேடியேட்டருக்குக் காற்றும் வராது. அந்த நேரத்தில்தான் டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு லேசாக மினுக்கும். ஒரு பழைய எஞ்சினுக்கு உண்மையான பரீட்சை இதுதான். அதிகாலையில் ஸ்டார்ட் செய்து பார்த்து "சும்மா கும்முனு இருக்கு" என்று சொல்வதில் ஒன்றும் தெரியாது.

இன்னொரு பரீட்சை மலை. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையும், சமவெளியில் இருந்து கொடைக்கானலின் சுமார் 2,100 மீட்டர் உயரத்தையும் இரண்டாம் கியரில் ஏறும் வண்டிக்கு வேகம் குறைவு, பாரம் அதிகம். எதிர்காற்று கிடையாது. சமவெளியில் ஓடுவதைவிட ஆயில் அதிகம் சூடாவது இங்கேதான். மலைக்குப் போகும் பழைய வண்டிக்கு ஆயில் யோசனை தேவைதான். காரணம் மேலே இருக்கும் குளிர் இல்லை, போகும் வழியில் ஏறும் சூடு.

அம்பாசடருக்குச் சரி

இப்போது பழமொழியின் உண்மைப் பாதி.

அம்பாசடர் 1950களின் கடைசியில் வந்த வண்டி, அசல் அடிப்படை பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. 2014இல் உத்தர்பாராவில் உற்பத்தி நிற்கும்வரை உருவம் பெரிதாக மாறவே இல்லை. அதில் பல வருஷம் இருந்த 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின், பிரிட்டனில் 1940களின் கடைசியில் பிறந்த பிஎம்சி பி-சீரிஸ் குடும்பம். கெட்டி ஆயிலுக்காகவே பிறந்த எஞ்சின். பேரிங் இடைவெளிகளும் ஆயில் பம்பும் அந்தக் காலத்து ஒற்றை எண் ஆயிலை மனதில் வைத்துச் செய்தவை. இதே எஞ்சின் குடும்பத்துக்கு 1960, 70களில் பிரிட்டனிலேயே 20டபிள்யூ-50தான் வழக்கமான ஆயிலாக இருந்தது. அவ்வளவு குளிர் ஊரிலேயே அப்படி என்றால் திண்டுக்கல் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

1,089 சிசி பிரீமியர் பத்மினியும், அதாவது பழைய பியட் 1100ம், இதே தலைமுறைதான். இந்த இரண்டுக்கும் 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்லும் பெரியவர் மெக்கானிக் நூற்றுக்கு நூறு சரி. அவர் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. 40 வருஷம் காதால் கேட்டுச் சொல்கிறார். அதற்கு மரியாதை கொடுத்தே ஆக வேண்டும்.

800க்கு ஏன் அப்படியே சரியாகாது

தப்பு நடப்பது அந்த அனுபவத்தை அப்படியே அடுத்த தலைமுறை வண்டிக்கு எடுத்துப் போகும்போது.

மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். 796 சிசி, மூன்று சிலிண்டர், கேம் ஷாப்ட் ஹெட்டுக்கு மேலே இருக்கும் ஜப்பானிய வடிவமைப்பு. சின்ன எஞ்சின், வேகமாகச் சுற்றும். ஆயில் ஹெட் வரைக்கும் சின்னச் சின்னத் துளைகள் வழியாக ஏற வேண்டும். 98 மாடல் 800ம் 78 மாடல் அம்பாசடரும் இன்றைக்கு இரண்டுமே 'பழைய கார்'தான். ஆனால் எஞ்சினாகப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு தலைமுறையே இருக்கிறது.

பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அந்தச் சந்தில் ஆயில் ஒரு மெத்தை மாதிரி நின்று இரும்பும் இரும்பும் தொடாமல் பார்த்துக்கொள்கிறது. ஆயில் ரொம்ப மெல்லியதானால் மெத்தை கிழியும். இது எல்லாருக்கும் தெரியும். ரொம்பக் கெட்டியானால் என்ன ஆகும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

1. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் ஹெட்டுக்கு ஏற நேரமாகும். அதுவரை கேம் பழைய ஈரத்திலேயே சுற்றும்.

2. குளிர்ந்த கெட்டி ஆயில் பில்டருக்குள் சுலபமாக நுழையாது. அப்போது பில்டரில் இருக்கும் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலே எஞ்சினுக்குப் போகும்.

3. குறிப்பிட்ட பிரஷருக்கு மேல் போனால் ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலைத் திரும்ப சம்ப்புக்கே கொட்டிவிடும். கேஜில் பிரஷர் ஜோராகத் தெரியும், பேரிங்குக்குப் போகும் அளவு கூடியிருக்காது.

4. கெட்டி ஆயிலைக் கலக்கிச் சுற்றுவதற்கே எஞ்சின் சக்தி செலவாகும். அந்தச் செலவு பெட்ரோலில் தெரியும்.

மூன்றாவதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். பிரஷர் என்பது ஆயில் போவதற்கு எவ்வளவு தடை இருக்கிறது என்பதன் அளவு. எவ்வளவு ஆயில் போகிறது என்பதன் அளவு இல்லை. குழாயில் விரலை வைத்து அடைத்தால் தண்ணீர் சீறிக்கொண்டு வரும், குடம் நிறைய மட்டும் நேரமாகும். "பிரஷர் கூடிருச்சு, எஞ்சின் சரியாயிருச்சு" என்று சந்தோஷப்படும் ஓனர்கள் பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

நல்ல நிலையில் இருக்கும் 800, ஜென், எஸ்டீம் வண்டிகளுக்கு முதல் பதில் கையேட்டில் இருக்கும் வெப்பநிலைக் கட்டம்தான். அதில் எந்த வெயிலுக்கு எந்த கிரேடு என்று கோடு போட்டே காட்டியிருப்பார்கள். அந்தக் கட்டத்தில் திண்டுக்கல் வெயிலுக்குப் பொருந்தும் வரிசையில் இருப்பதை எடுத்தால் போதும். கையேடு தொலைந்துபோன வண்டிக்கு 15டபிள்யூ-40 ஒரு பாதுகாப்பான நடுவழி. சூட்டில் 40, அதாவது திண்டுக்கல் வெயிலுக்கும் மலைக்கும் தாங்கும். காலையில் 20டபிள்யூ-50ஐவிடச் சீக்கிரம் ஏறும். எதிர்ப்பக்கத் தப்பும் கூடாது. புதுக் கார்களுக்கு வரும் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-20 ஆயிலை "லேட்டஸ்ட், விலை ஜாஸ்தி, அதனால் நல்லது" என்று நினைத்துப் பழைய வண்டியில் ஊற்றுவது 20டபிள்யூ-50ஐவிட மோசமான முடிவு.

கெட்டி ஆயில் ஒரு போர்வை

சரி, உண்மையிலேயே தேய்ந்துபோன எஞ்சினுக்கு? புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது, விளக்கு மினுக்குகிறது. அப்போது ஒரு படி கெட்டியாகப் போகலாமா?

போகலாம். ஆனால் அளந்த பிறகு போக வேண்டும். அளக்காமல் ஊற்றினால் அது மருந்து இல்லை, நோயை மூடும் போர்வை.

அளப்பது பெரிய வித்தை இல்லை. ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டி, வண்டியை நன்றாகச் சூடாக்கிவிட்டுப் பார்க்கலாம். 1,000 சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ என்பது மெக்கானிக்குகள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. சூட்டில் அதைவிட ரொம்பவும் கீழே நின்றால் பேரிங், பம்ப் இரண்டில் ஒன்று தேய்ந்திருக்கிறது. கம்ப்ரஷன் குறைவாக இருந்தால் பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கலாம். ஏறினால் ரிங்கு போயிருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு பக்கம்.

கருவியே இல்லாதவர்களுக்குக் கொடைக்கானல் இறக்கமே ஒரு டெஸ்ட். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து, கியரில் பிடித்தபடியே நீளமாக இறங்கும்போது எஞ்சினுக்குள் உறிஞ்சும் வேகம் அதிகமாக இருக்கும். வால்வு கைடும் சீலும் தேய்ந்திருந்தால் அந்த வழியாக ஆயிலை உள்ளே இழுத்துக்கொள்ளும். கீழே சமவெளிக்கு வந்து வத்தலக்குண்டு ரோட்டில் மறுபடி ஆக்சிலேட்டரை மிதித்ததும் பின்னால் நீலப் புகை ஒரு பொதியாகக் கிளம்பிவிட்டு நிற்கும். இது வால்வு சீல் கேஸ். ஹெட்டைப் பார்த்தால் முடியும் வேலை. அப்படி இல்லாமல் பாரத்தில் ஏறும்போது விடாமல் புகைந்தால் ரிங்கு.

இந்த இரண்டுக்கும் வேறு வேறு செலவு. ஆனால் கெட்டி ஆயில் இரண்டையும் கொஞ்ச நாள் ஒரே மாதிரி மறைக்கும். சீல் மட்டும் மாற்ற வேண்டிய வண்டியை ஒரு வருஷம் புகையோடு ஓட்டி, பிளக்கில் கரி பிடித்து, ஒருநாள் ஆயில் அளவு இறங்கியது தெரியாமல் எஞ்சின் சீஸ் ஆகும் கதை எல்லாப் பட்டறையிலும் ஒன்றாவது இருக்கும். கொன்றது கிரேடு இல்லை. டிப் ஸ்டிக்கைப் பார்க்காததுதான். "கெட்டி ஆயில் போட்டாச்சு" என்ற தைரியம்தான் பார்க்கவிடாமல் செய்தது.

அளந்த பிறகு ரிங்கு, பேரிங் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, இப்போதைக்குப் போர் செய்யப் பணம் இல்லை என்றால் 40இல் இருந்து 50க்கு ஒரு படி ஏறுவது நியாயமான முடிவு. அது காலத்தைத் தள்ளிப்போடும் ஏற்பாடு என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்து

டப்பாவில் எல்லாரும் எண்ணைப் பார்ப்பார்கள், எழுத்தைப் பார்க்க மாட்டார்கள். ஏபிஐ என்று போட்டு எஸ்எல், எஸ்என், எஸ்பி என்றோ சிஐ-4 என்றோ இருக்கும். எஸ் வரிசை பெட்ரோலுக்கு, சி வரிசை டீசலுக்கு. இரண்டாவது எழுத்து தள்ளிப் போகப்போக புதிய தரம். எஸ்என் 2010இல் வந்தது, எஸ்பி 2020இல். எஸ்எஃப் என்று இருந்தால் அது 1980களின் எஞ்சினுக்கான தரம். ஏபிஐ அதைக் காலாவதி என்று ஒதுக்கிப் பல வருஷம் ஆகிறது.

அம்பாசடர், பத்மினி ஓனர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இங்கே இருக்கிறது. இந்த எஞ்சின்களில் கேமும் டாப்பெட்டும் உரசிக்கொண்டே ஓடும். அந்த உரசலைக் காப்பது ஆயிலில் இருக்கும் துத்தநாகம், பாஸ்பரஸ் கலந்த ஒரு சேர்மம். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது என்பதால், 2004இல் வந்த எஸ்எம் தரத்தில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். ஆனால் அந்த வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 மாதிரி மெல்லிய கிரேடுகளுக்குத்தான். 15டபிள்யூ-40க்கும் 20டபிள்யூ-50க்கும் அது கட்டாயம் இல்லை. பழைய எஞ்சினுக்கு மெல்லிய ஆயில் பொருந்தாமல் போவதற்குப் பாகுநிலையோடு இதுவும் ஒரு காரணம்.

லாரி, பஸ்ஸுக்கு வரும் 15டபிள்யூ-40 சிஐ-4 ஆயிலை அம்பாசடர் பெட்ரோல் வண்டிக்கு ஊற்றுகிறார்களே, அது தப்பா? டப்பாவில் சிஐ-4 உடன் எஸ்எல் என்றும் சேர்த்துப் போட்டிருந்தால் தாராளமாக ஊற்றலாம். இரண்டுக்கும் தேறிய ஆயில் அது.

ஆயிலே நீர்த்துப் போகும் கதை

சரியான கிரேடை ஊற்றினாலும் கார்பரேட்டர் வண்டிகளில் ஒரு திருடன் உண்டு. பெட்ரோல். சோக்கை இழுத்தபடியே ஓட்டினாலோ, கார்பரேட்டர் ஓவர்ஃப்ளோ ஆனாலோ, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். எஞ்சினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் உள்ள வண்டியில் டயாபிரம் கிழிந்தால் நேராகவே சம்ப்புக்குள் ஒழுகும். 2025இல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க வழக்கமாகிவிட்ட பிறகு, பழைய ரப்பர் டயாபிரம், ஹோஸ் எல்லாம் இன்னும் கவனிக்க வேண்டியவை ஆகிவிட்டன. அவை எத்தனாலை நினைத்துச் செய்யப்பட்டவை இல்லை.

கண்டுபிடிப்பது சுலபம். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருக்கும். மோந்து பார்த்தால் பெட்ரோல் வாசம் அடிக்கும். அந்த நிலையில் 20டபிள்யூ-50 என்று டப்பாவில் எழுதியிருப்பதில் எந்த அர்த்தமும் இல்லை, உள்ளே ஓடுவது வேறு ஏதோ. முதலில் ஒழுகலை நிறுத்த வேண்டும், பிறகு ஆயிலை மாற்ற வேண்டும். ஆயில் காபி மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலக்கிறது, ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். கறுத்திருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். அழுக்கைத் தன்னோடு எடுத்துக்கொள்வது ஆயிலின் வேலை, டீசலில் ஒரு வாரத்திலேயே கறுத்துவிடும்.

வருவாயினச் செலவா, மூலதனச் செலவா

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆயில் மாற்றுவது வருவாயினச் செலவு. அந்த வருஷத்தோடு முடிந்துவிடும். எஞ்சின் போர் செய்து பிஸ்டன், ரிங்கு, பேரிங் மாற்றுவது மூலதனச் செலவு. முதலாவதில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டாவதைச் சில வருஷம் முன்னாலேயே வரவழைத்துக்கொள்வது எந்தக் கணக்கிலும் லாபம் இல்லை. தேய்மானம் என்ற சொல்லே கணக்குப் பதிவியலுக்கும் பட்டறைக்கும் பொது. கணக்கில் அது வருஷாவருஷம் ஒழுங்காகக் குறையும். எஞ்சினில் அப்படி இல்லை. ஆயில் இருக்கும்வரை மெதுவாக, ஆயில் போன அன்றைக்கு மொத்தமாக!

மிச்சம் பிடிக்கிற இடமும் தப்பாகவே இருக்கிறது. விலை கூடின சிந்தெடிக் ஆயிலை வாங்கி, "இது நிறைய நாள் வரும்" என்று 15,000 கிலோமீட்டர் இழுப்பதைவிட, நம்பிக்கையான கடையில் சாதாரண மினரல் ஆயில் வாங்கி 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதத்தில் பில்டரோடு மாற்றுவது பழைய வண்டிக்கு மேல். அதில் புகை, பெட்ரோல், கரி எல்லாம் புது எஞ்சினைவிட அதிகமாக ஆயிலில் கலக்கும். எவ்வளவு நல்ல ஆயிலாக இருந்தாலும் அழுக்கு அழுக்குதான்.

லூஸ் ஆயில் பக்கமே போக வேண்டாம். காலியான டப்பாவைப் பழைய பேப்பர்காரரிடம் முழுசாகப் போடாமல் ஓட்டை போட்டுப் போட்டால் அது மறுபடி போலி ஆயிலோடு கடைக்கு வராது. வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டுவதும் கூடாது. தோல் ஷாப் கழிவால் நிலத்தடி நீர் கெட்டதன் வலியைத் திண்டுக்கல் சுற்றுவட்டாரக் கிராமங்கள் இன்னும் அனுபவிக்கின்றன. அதோடு இதையும் சேர்க்கத் தேவையில்லை.

ஆக, எதைப் போடலாம்?

* அம்பாசடர் 1,489 சிசி, பிரீமியர் பத்மினி: 20டபிள்யூ-50. யோசிக்கவே வேண்டாம். போர் செய்து புதிதாக்கிய எஞ்சினுக்கும் இதுவேதான்.

* நல்ல நிலையில் உள்ள மாருதி 800, ஜென், எஸ்டீம்: கையேட்டுக் கட்டத்தில் வெயில் ஊருக்கான கிரேடு. கையேடு இல்லையா, 15டபிள்யூ-40.

* அளந்து பார்த்துச் சூட்டில் பிரஷர் குறைவு என்று தெரிந்த 800 வகை: 20டபிள்யூ-50க்கு ஒரு படி ஏறலாம். கூடவே ரிப்பேருக்குப் பணம் சேர்க்க ஆரம்பிக்கலாம்.

* பழைய டீசல் வண்டிகள்: 15டபிள்யூ-40, எழுத்து சிஐ-4 அல்லது அதற்கு மேல்.

* எல்லாருக்கும்: வாரம் ஒருமுறை, சமதரையில், எஞ்சின் ஆறிய பிறகு டிப் ஸ்டிக். மலைக்குப் போகும் முன்பு கட்டாயம்.

மறுபடி சொல்ல வேண்டியது ஒன்றுதான். பெரியவர் மெக்கானிக்கின் காதும் வேண்டும், டப்பாவில் இருக்கும் எண்ணும் வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் நம்புகிறவர்தான் கடைசியில் லேத் பட்டறை வாசலில் உட்கார்ந்திருப்பார். கடைக்காரர் "எந்த வருஷ மாடல்?" என்று கேட்டால் வருஷத்தோடு நிறுத்தாமல், எந்த எஞ்சின், சூட்டில் பிரஷர் எவ்வளவு, 1,000 கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குறைகிறது என்பதையும் சொல்லுங்கள். அந்த மூன்றும் தெரியாது என்றால் ஆயில் வாங்குவதைத் தள்ளிவைத்து, முதலில் ஒரு கேஜும் ஒரு நோட்டும் வாங்குங்கள்.